நம்பர் கேட்காமல் திறந்த பக்கம்

"இதற்குக் கீழே உள்ள வரியை எடுக்காதீர்கள். வேகம் குறைகிறது என்று தோன்றினாலும் எடுக்காதீர்கள். காரணம் தெரிய வேண்டுமானால் என்னைக் கேளுங்கள். — வி. மார்ச், அறுபத்துமூவர் கழிந்த வியாழன்."

இது ஒரு நிரலின் நடுவில் நான் எழுதிவைத்த குறிப்பு. இப்படிப்பட்ட குறிப்புகளைக் கணினி படிக்காது, தாண்டிப் போய்விடும். அடுத்து வரும் மனிதர்களுக்காக எழுதுவது. ஆண்டைப் போட மறந்திருக்கிறேன். தேதி விஷயத்தில் கறாரானவள் என்று பெயரெடுத்த எனக்கு அது உறுத்தல்தான். கொரோனாவுக்கு முந்தைய ஆண்டு என்பதை வேறு வழியில் உறுதி செய்துகொண்டேன்: அடுத்த ஆண்டு மயிலாப்பூரில் அறுபத்துமூவர் வீதியுலாவே நடக்கவில்லை.

குறிப்பைத் தோண்டி எடுத்தவர் ப்ரியா. நான் ஓய்வு பெற்ற நிறுவனத்தில் என் இடத்தில் இருப்பவர். அவருடைய மின்னஞ்சல் சுருக்கமாக இருந்தது. "மேடம், அடாப்டர் எல்லாத்தையும் தூக்கப் போறோம். இப்ப எந்த சர்வர் எடுத்தாலும் அதுவே கூட வந்துடுது. மத்ததெல்லாம் புரிஞ்சுது, இந்தக் குறிப்பு மட்டும் புரியல. என்னைக் கேளுங்கள்னு போட்டிருக்கீங்க. கேக்கறேன்."

இரண்டு வரியில் பதில் போட்டேன். தொழில்நுட்பக் காரணத்துக்கு இரண்டு வரி போதும். ஆனால் அந்த வரிக்குப் பின்னால் ரஹிமா என்ற பெண்ணின் பெயர் இருக்கிறது. அது அந்த இரண்டு வரிக்குள் வரவில்லை.

என் வீட்டில் கடைசிவரை அடாப்டர் என்றால் செல்போன் சார்ஜர் என்றுதான் நினைத்தார்கள். எனவே அதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு வலைத்தளத்தைத் திறக்கும்போது உங்கள் கேள்வியை முதலில் வாங்குவது சர்வர் என்ற மென்பொருள். பதிலைத் தயாரிப்பது செயலி என்ற வேறொரு மென்பொருள். சர்வர்களில் பல ஜாதி உண்டு. ஒவ்வொன்றும் வந்த கேள்வியை ஒவ்வொரு விதமாகக் கட்டி உள்ளே நீட்டும். ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு செயலி என்று எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதனால் நடுவில் ஒரு சின்ன நிரல். சர்வர் தந்த கட்டைப் பிரித்து, செயலிக்குப் பழக்கமான ஒரே மாதிரிப் பெட்டியில் அடுக்கி உள்ளே கொடுக்கும். செயலி தரும் பதிலை வாங்கி, சர்வருக்குப் பிடித்த மாதிரி கட்டி வெளியே கொடுக்கும். அதுதான் அடாப்டர். அது சரியாக வேலை செய்யும் வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

நான் கணிதம் படித்தவள். கோடம்பாக்கத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் கணினி மொழிகளைக் கற்றுக்கொண்டு, அங்கேயே கொஞ்ச நாள் கற்றும் கொடுத்து, இரண்டு மூன்று இடம் மாறி, மயிலாப்பூரில் பாத்திரக் கடைக்கு மேல் முதல் மாடியில் இருந்த ஒரு சிறு நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தேன். பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், ரத்தப் பரிசோதனை நிலையம் போன்ற இடங்களுக்குச் செயலி எழுதிக் கொடுக்கும் நிறுவனம். வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் யாரோ மைத்துனர் சொன்னார் என்று ஒவ்வொரு சர்வரை வாங்கி வைத்திருப்பார்கள். எங்கள் பிழைப்பே அடாப்டரில்தான் ஓடியது.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் சேஷாத்ரி சார். மாட வீதிக்குப் பின்னால் மூன்று தலைமுறையாக ஒரே வீடு. அவரைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

அவர் யாரையும் நம்பமாட்டார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த வேலைக்கு அது தகுதி. எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து வரும் முதல் கேள்வி, "யார் பாத்தா?"

"சார், சர்வர் சரியா பதில் அனுப்பிடுச்சு."

"யார் பாத்தா?"

"லாக் பதிவுல இருக்கு சார்."

"லாக் எழுதறது யாரு? அதே சர்வர்தானே? திருடன்கிட்டயே போய் சாமான் பத்திரமா இருக்கான்னு கேப்பியோ?"

திரையை விரலால் தொடமாட்டார். மூடி போட்ட பேனாவால் காட்டுவார். முக்கியமான விஷயமென்றால் அச்செடுத்து வரச் சொல்லி, அடிக்கோலை ஒவ்வொரு வரிக்கும் கீழே நகர்த்திக்கொண்டே படிப்பார். குரலை உயர்த்தியதில்லை. தவறு அகப்பட்டால் அடிக்கோல் நகராமல் நின்றுவிடும். நாங்கள் அதைத்தான் கவனித்துக்கொண்டிருப்போம்.

புதிய அடாப்டர் எதுவும் அவருடைய பரிசோதனையைத் தாண்டாமல் வெளியே போகாது. வேண்டுமென்றே கோணலாகச் செய்த சில கேள்விகளை வைத்திருந்தார். உள்ளே எதுவுமே இல்லாத ஒரு கேள்வி. பாதியில் அறுந்துபோன ஒன்று. முகவரியில் தமிழ் எழுத்துகள் உள்ள ஒன்று. ஒரே தகவலை இரண்டு முறை சொல்லும் ஒன்று. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு சர்வருக்கும் அனுப்பி, பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும். இதில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை. முந்தின சோதனையின் மிச்சம் எதுவும் அடுத்ததில் கலந்துவிடக் கூடாது என்பார். "பூஜைக்கு உக்காரும் முன்னால இடத்தைத் துடைக்கறோமோல்லியோ? அது மாதிரி." சோதனைச் சர்வரை நிறுத்தித் தொடங்கும் கடவுச்சொல் அவரிடம் மட்டுமே இருந்தது. நாங்கள் "சார், துடைங்கோ" என்போம். அவர் எழுந்து வந்து, எங்களைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, தட்டச்சு செய்வார்.

அந்த ஆண்டு பிப்ரவரி கடைசியில், ஆழ்வார்பேட்டையில் இருந்த ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் பழைய சர்வரை விட்டுவிட்டுப் புதிய வகைக்கு மாறியது. வேகம் போதவில்லை என்று அவர்களுக்குக் குறை. காலையில் ரத்தம் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் முடிவுகள் தயாரானதும் ஒரே நேரத்தில் குறுஞ்செய்தி போகும். எல்லோரும் ஒரே சமயத்தில் திறப்பார்கள். பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். புதிய சர்வருக்கு வேண்டிய அடாப்டரை சேஷாத்ரி சாரே எழுதினார். எல்லாச் சோதனையும் முறைப்படி நடந்தது. நானும் உடனிருந்தேன். அடிக்கோல் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

மார்ச் இரண்டாம் வாரம் அந்த நிலையத்தின் உரிமையாளர் எங்களை வரச் சொன்னார். அவரை டாக்டர் என்றே குறிப்பிடுகிறேன்.

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் டாக்டர். ஓரத்தில், நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல், வரவேற்பு மேசையில் வேலை பார்த்த ரஹிமா. முப்பத்தைந்து வயதிருக்கும். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் கலா, கே.கே. நகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர், துணிகளுக்கு இஸ்திரி போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருப்பவர்.

நடந்தது இது. கலாவுக்கு அடுத்த வீட்டில் சுகந்தி என்ற ஆசிரியை குடியிருந்தார். மாலையில் குடியிருப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுப்பார். நீண்ட நாள் இருமல். காசநோயாக இருக்குமோ என்று சளியைச் சோதித்துப் பார்த்துவிட இந்த நிலையத்துக்கு வந்திருக்கிறார். கலாவும் அதே காலையில் சர்க்கரை பார்க்க வந்திருக்கிறார். அன்று பகலில், முடிவுக்காக நிலையத்திலேயே காத்திருந்த கலாவின் கைபேசியில் சுகந்தியின் முடிவு திறந்திருக்கிறது. மாலைக்குள் குடியிருப்பு முழுவதும் தெரிந்துவிட்டது. பிள்ளைகள் ட்யூஷனுக்கு வருவது நின்றுபோனது. முடிவில் "நோய்க்கிருமி இல்லை" என்றுதான் இருந்தது. அந்த வரி வரை யாரும் படிக்கவில்லை.

டாக்டருக்குச் சந்தேகமே இல்லை. "காமிராவுல தெளிவா இருக்கு சார். கலாம்மா போனை இந்தப் பொண்ணு கையில வாங்கி ஏதோ பண்ணி குடுக்குது. இதுவும் அதே ஏரியா. டீச்சர் பேருக்குக் கலாம்மா நம்பரை மாத்திப் போட இதால முடியும், ரெஜிஸ்டர் பண்ணதே இதுதான். வேற எப்படி வரும்?"

ரஹிமா என்னைப் பார்த்துத்தான் பேசினார். "மேடம், புது போனு, எப்படித் தொறக்கறதுன்னு அக்கா கேட்டாங்க. மெசேஜ்ல இருக்கற லிங்க்கத் தொட்டுக் குடுத்தேன். அவ்ளோதான். டீச்சர்கிட்டதான் எம்பொண்ணு படிக்குது. நான் ஏன் மேடம் அவங்க விஷயத்த எடுத்து வெளிய போடப் போறேன்? இப்ப எம்பொண்ணையே வராதன்னுட்டாங்க."

"அப்ப டீச்சர் ரிப்போர்ட் எங்கேருந்து வந்துது? வானத்துலேருந்தா?" என்றார் டாக்டர்.

கலா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னா சார், அத்தனை வாட்டி சொல்லிக்கினு கீறேன், காதுலயே வாங்க மாட்டேங்கறீங்க. நம்பரே கேக்கல சார். லிங்க்கத் தொட்டதும் நேரா டீச்சர் பேரு. எனக்கு இன்னா தெரியும், டீச்சர்தான் எனக்கு அனுப்பிக்கிறாங்கன்னு நெனச்சேன்."

"நம்பர் கேக்காம பக்கம் திறக்காது."

"தொறந்துச்சுன்றேன்."

"அப்ப பொய் சொல்றீங்க."

"நான் எதுக்கு நைனா பொய் சொல்லணும்? ரஹிமா எனக்கு ஒரு டீயாவது வாங்கிக் குடுத்துக்கிறாளா?"

வெளியே வந்ததும் சேஷாத்ரி சார் சொன்னார்: "ரெண்டு பேரும் சேர்ந்து பேசி வெச்சுண்டிருக்கா." நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தப் பக்கத்தின் அமைப்பு அப்படி. முதலில் கைபேசி எண்ணைக் கேட்கும். அந்த எண்ணுக்கு ரகசிய எண் போகும். அதைப் போட்டால்தான் முடிவு தெரியும். ஒருமுறை போட்டவரின் கைபேசியில் அடையாளச் சீட்டு ஒன்று தங்கிவிடும். அடுத்த முறை அதைக் காட்டி நேரே உள்ளே போகலாம். புதுக் கைபேசியில் சீட்டு இருக்காது. ஆகவே கலாவுக்கு எண் கேட்கும் பக்கம்தான் வந்திருக்க வேண்டும்.

ரஹிமாவை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: மென்பொருளில் தவறு இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சேஷாத்ரி சார் அப்படி எழுதிக் கொடுக்கிறவர் இல்லை. "எல்லாச் சோதனையும் மறுபடி ஓட்டிட்டுத்தான் கையெழுத்து" என்றார். ஓட்டினோம். துடைத்தோம், கேட்டோம், துடைத்தோம், கேட்டோம். எல்லாம் சுத்தம். சீட்டு இல்லாத கேள்விக்கு ஒவ்வொரு முறையும் எண் கேட்கும் பக்கமே வந்தது.

எனக்கு மட்டும் கலாவின் பேச்சு காதை விட்டுப் போகவில்லை. பொய் சொல்ல நினைக்கிறவர், "ரகசிய எண் எனக்கு வந்தது, போட்டேன், டீச்சர் ரிப்போர்ட் வந்துவிட்டது" என்று சொல்லியிருக்கலாம். யாரும் மறுக்க முடியாது. யாருமே நம்பாத ஒன்றை ஏன் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்?

திங்கட்கிழமை அறுபத்துமூவர். மயிலாப்பூரில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும், அன்று பகலுக்கு மேல் அந்தப் பகுதிக்குள் வருவதும் கஷ்டம், போவதும் கஷ்டம். நான் காலையிலேயே வந்துவிட்டேன். சேஷாத்ரி சார் வீட்டில் விருந்தாளிகள். மதியம் வருவதாகச் சொல்லியிருந்தார். மதியம் தொலைபேசியில் கூப்பிட்டார். பின்னணியில் மேளச் சத்தம்.

"விஜயா, ஆத்து வாசல்லயே மாட்டிண்டுட்டேன். மோர்ப் பந்தலைத் தாண்ட முடியலை. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"சோதனை பாக்கி இருக்கே சார். துடைக்கணும்."

"துடைக்காம ஓட்டினா அது சோதனையே இல்லை. வெச்சிடு."

வைத்தேன். ஆனால் வீட்டுக்குப் போகவும் வழியில்லை. கீழே பாத்திரக் கடை வாசல் முழுக்கக் கூட்டம். சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதில் ஓட்டிப் பார்ப்போம் என்று, துடைக்காமலே ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகளை அனுப்பினேன். முதலில், அடையாளச் சீட்டு உள்ள ஒரு கேள்வி. சோதனைக்காக வைத்திருந்த ஒரு பொய்ப் பெயரின் முடிவு வந்தது. அடுத்தது சீட்டே இல்லாத கேள்வி. எண் கேட்கும் பக்கம் வர வேண்டும்.

வந்தது அதே பொய்ப் பெயரின் முடிவு.

மறுபடி செய்தேன். அதே பெயர். நான் ஏதோ தப்பாக அனுப்புகிறேன் என்றுதான் முதலில் தோன்றியது. என் கேள்வியை அச்செடுத்து, சேஷாத்ரி சாரின் அடிக்கோலையே எடுத்து வைத்துப் படித்தேன். அதில் சீட்டு இல்லை. பிறகு அடாப்டரைத் திறந்தேன்.

கேள்வியை அடுக்கும் பெட்டி என்று சொன்னேன் அல்லவா? ஒவ்வொரு கேள்விக்கும் புதுப் பெட்டி செய்தால் நேரமாகும். வேகம் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டிருந்தார். ஆகவே அடாப்டர் ஒரே பெட்டியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது. புதிதாக வருகிறவர் கொண்டுவரும் தகவல்கள் பழையவற்றின் மேல் எழுதப்படும். பழையவை அழிந்துவிடும் என்று கணக்கு. ஆனால் புதியவர் ஒரு தகவலைக் கொண்டே வராவிட்டால்? முந்தினவருடையது அங்கேயே கிடக்கும். சுகந்தியின் சீட்டு பெட்டியில் கிடக்க, சீட்டே இல்லாமல் வந்தார் கலா. செயலி பெட்டியைப் பார்த்தது. சுகந்தி என்று நினைத்துத் திறந்துவிட்டது. பழைய சர்வரில் ஒவ்வொரு கேள்விக்கும் எல்லாமே புதிதாகத் தொடங்கும், அதனால் அங்கே இது நடக்க வழியில்லை. புதியது வேகத்துக்காக உள்ளே ஒரே பாதையைத் திறந்தே வைத்து, வருகிறவர்களை எல்லாம் அதில் வரிசையாக அனுப்பும்.

எங்கள் சோதனையில் ஏன் அகப்படவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. மிச்சம் தங்கிவிடுமோ என்ற சந்தேகத்தில் ஒவ்வொரு முறையும் துடைத்தோம். நோயே மிச்சம்தான். அதைத்தான் துடைத்துக்கொண்டிருந்தோம்.

அண்டை வீட்டுக்காரர் பெயரே சரியாக வந்து விழுந்தது எப்படி என்று அன்று முழுக்க யோசித்தேன். தற்செயல் என்று விட மனம் ஒப்பவில்லை. பிறகு தோன்றியது: இது எத்தனையோ பேருக்கு நடந்திருக்கும். தெரியாத பெயர் வந்தால் ஏதோ கோளாறு என்று மூடிவிட்டு மறுபடி திறப்பார்கள். தெரிந்த பெயர் வந்தால்தான் நின்று படிப்பார்கள்.

மறுநாள் காலை சேஷாத்ரி சார் செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன்.

"யார் பாத்தா?" என்றார்.

"நான் பாத்தேன் சார்."

"துடைச்சியோ?"

"இல்லை சார். துடைச்சா வராது."

அவர் தன் நாற்காலிக்குப் போகவில்லை. என் மேசை அருகே நின்றபடி, "காட்டு" என்றார். காட்டினேன். "இன்னொரு தரம்." காட்டினேன். அடாப்டரின் அச்சுப் பிரதியைக் கேட்டார். அடிக்கோல் மெதுவாக இறங்கி, பெட்டியைத் திரும்பப் பயன்படுத்தும் இடத்தில் நின்றது. அவர் எழுதிய வரி.

"அந்த இஸ்திரிக்காரி சொன்னது நிஜம்" என்றார் கடைசியில். பிறகு, "அவளை நாம நம்பலை" என்றார். "நாம" என்றாரே என்று எனக்கு லேசான கோபம் வந்தது. ஆனால் அதிலும் நியாயம் இருந்தது.

ஒவ்வொரு கேள்விக்கும் முன்பு பெட்டியைக் காலி செய்யும் ஒரு வரியை அன்றே சேர்த்தோம். வியாழக்கிழமை அது ஆழ்வார்பேட்டைக்குப் போனது. ப்ரியா கேட்ட வரி அதுதான்.

ஆனால் டாக்டரிடம் என்ன சொல்வது என்பதில் எங்களுக்குள் பிணக்கு. சேஷாத்ரி சார் ஒரு குறிப்பு தயாரித்தார். "புதிய சர்வருடன் இணைப்பில் ஏற்பட்ட கோளாறு சரிசெய்யப்பட்டது." அதில் பொய் இல்லை. ரஹிமாவும் இல்லை.

"சார், இதைப் படிச்சா டாக்டருக்கு அந்தப் பொண்ணு தப்புப் பண்ணலைன்னு புரியுமா?"

"புத்தியிருந்தா புரியும்."

"புரியலைன்னா?"

அவர் குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நிறுவனம் வாடிக்கையாளரை இழக்கும் என்ற பயமா, தான் எழுதிய வரி என்ற கூச்சமா என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே வந்து, "கிளம்பு, நேர்ல காட்டிடலாம்" என்றார். என்ன நடுவில் நடந்தது என்று சொல்லவில்லை.

பழைய அடாப்டரை ஒரு மடிக்கணினியில் ஓட விட்டு, டாக்டரின் அறையிலேயே காட்டினோம். டாக்டர் தன் கைபேசியில் எண்ணையும் ரகசிய எண்ணையும் போட்டுத் தன் கொழுப்புப் பரிசோதனை முடிவைத் திறந்தார். உடனே நான் என் கைபேசியில் அதே முகவரியைத் திறந்தேன். எண் கேட்கவில்லை. டாக்டரின் பெயரும் கொழுப்பளவும் என் திரையில் வந்தன.

டாக்டரின் முகம் மாறியது. ஆனால் நான் எதிர்பார்த்த திசையில் அல்ல.

"மேடம், என் போனை எப்ப ஹேக் பண்ணீங்க?"

"பண்ணலை டாக்டர். இதுதான் அன்னைக்கு நடந்தது."

"இல்ல, இது உங்களுக்கு இவ்ளோ ஈஸியா வருதுன்னா... இத்தனை நாளா எங்க பேஷண்ட்ஸ் ரிப்போர்ட் எல்லாத்தையும் நீங்க உக்காந்து பாத்துட்டு இருந்தீங்களா?"

அதைத் தெளிவாக்கவே அரைமணி போனது. கடைசியில் சேஷாத்ரி சார் பேனாவின் மூடியை ஒருமுறை அழுத்திவிட்டுச் சொன்னார். "அந்த அடாப்டரை எழுதினது நான். தப்பு என்னோடது. உங்க ஆத்து... உங்க லேப் பொண்ணோடது இல்லை. அதை எழுதியும் தரேன்." டாக்டர் எழுத்தில் வேண்டாம் என்றார். எழுத்தில் வந்தால் இன்னும் யார் யார் முடிவு யாருக்குப் போயிற்று என்ற கேள்வி வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ரஹிமாவை மறுபடி வேலைக்குக் கூப்பிடுவதாகவும், சுகந்தி டீச்சரிடம் தானே பேசுவதாகவும் சொன்னார். நாங்கள் நோயாளிகள் யாரிடமும் பேசக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். ஒப்புக்கொண்டோம்.

நான் ரஹிமாவைப் பார்க்கப் போனேன். அவர் நோயாளி அல்லவே. கே.கே. நகர் காய்கறிச் சந்தைக்கு எதிரே இருந்த வீட்டில் மாடியில் குடியிருந்தார்.

"டாக்டர் போன் பண்ணாரு மேடம். திங்கக்கிழமைலேருந்து வரச் சொல்றாரு."

"நல்லதுதானே?"

"டீச்சர்கிட்ட சொல்லிட்டாரா?"

"சொல்றேன்னார்."

"சொல்றேன்னாரா, சொல்லிட்டாரா?"

எனக்கு சேஷாத்ரி சாரின் நாற்காலிக்கு எதிரே நிற்பது போல இருந்தது. "நான் வேணா டீச்சரைப் பாத்துப் பேசட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். கொடுத்த வாக்கு பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"வேணாம் மேடம்" என்றார் ரஹிமா வேகமாக. "நீங்க போய் சொன்னா, நான் ஆள் புடிச்சு அனுப்பிருக்கேன்னு நெனப்பாங்க. இன்னும் அசிங்கம். டாக்டர்தான் அன்னைக்கு அவங்களுக்கு போன் பண்ணி எங்க ஸ்டாஃப்தான் பண்ணிட்டாங்க, தூக்கிட்டோம்னு சொன்னாரு. அதே வாய்தான் இப்ப இல்லன்னு சொல்லணும்."

ரஹிமா திங்கட்கிழமை வேலைக்குப் போனார். அந்த வாரம் டாக்டரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டேன். "பேசிட்டேன் மேடம். சரின்னாங்க" என்றார். சேஷாத்ரி சார் தன் கோப்பில் "சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்கப்பட்டதாக டாக்டர் கூறினார்" என்று எழுதினார். "தெரிவிக்கப்பட்டது" என்று எழுதவில்லை. கவனித்தேன்.

அதை ரஹிமாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

"சரின்னாங்களா? அவ்ளோதானா? மேடம், எம்பொண்ணு ஒரு நாள் லேட்டா போனா, ஏன், எதுக்கு, எந்த பஸ்ஸு, சாப்ட்டியான்னு கால் மணி நேரம் கேக்கற டீச்சர் அவங்க. இவ்ளோ பெரிய விஷயத்துக்கு சரின்னு போனை வெச்சிட்டாங்களாமா?"

அன்றிலிருந்து எனக்கும் சந்தேகம்.

இரண்டு மாதத்தில் ரஹிமா அந்த வேலையை விட்டுவிட்டு அடையாறில் வேறொரு பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தார். அங்கே கூடுதல் சம்பளம் என்றார். அது மட்டும்தான் காரணமா என்று நான் தோண்டவில்லை. சுகந்தி டீச்சர் கோடை விடுமுறையில் வீட்டைக் காலி செய்துவிட்டார். எங்கே போனார் என்று கலாவுக்கே தெரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு நான் ஒருமுறை டாக்டரைப் பார்க்க முயன்றேன், நிலையம் கைமாறியிருந்தது. சேஷாத்ரி சாரிடம் கேட்டால், "நான் பாக்கலை, எனக்குத் தெரியாது" என்கிறார். அவரிடம் வேறு பதிலை எதிர்பார்க்க முடியாது.

போன மாதம் ரஹிமா தொலைபேசியில் பேசினார். மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். தி. நகர் பேருந்து நிலையத்தில் டீச்சரை எதிரே பார்த்திருக்கிறாள். டீச்சர்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டு, என்ன படிக்கிறாய், கணக்குப் பாடம் எடுத்திருக்கிறாயா என்றெல்லாம் நின்று விசாரித்திருக்கிறார். அம்மா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்கவில்லையாம். அதற்குள் பேருந்து வந்துவிட்டது என்கிறாள் மகள்.

"உண்மை தெரிஞ்சு பேசினாங்களா, புள்ளைதானேன்னு பேசினாங்களா, தெரியல மேடம்" என்றார் ரஹிமா.

டாக்டர் சுகந்தி டீச்சரிடம் பேசினாரா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதியாகவில்லை. பேசியதாக டாக்டர் சொன்னார். வேறு யாரும் சொல்லவில்லை.